கமலா நட்ட பப்பாசி மரம்

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த என் கமலா மதினிக்கு,

நேற்றுக் காலையும் சுவரைத் தட்டப் போய்விட்டேன். நீ கண்ணை மூடி வருஷம் திரும்பிவிட்டது. இன்னும் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பும்போது கை தானாக நம் சுவரைத் தேடுகிறது. ஒரு தட்டு என்றால் உப்பு இருக்கா, இரண்டு தட்டு என்றால் கிளம்பு, போவோம். நீ பதிலுக்கு ஒன்று தட்டுவாய். வாயைத் திறந்து கூப்பிட்டால் முத்து உதிர்ந்துவிடுமா என்று வரிசை வீட்டு லயமே நம்மைக் கிண்டல் பண்ணும்.

குவைத்தில் உன் மகள் நிரோஷா நன்றாக இருக்கிறாள். உன் காம்பரா பூட்டிக் கிடப்பதால் என்னிடம்தான் வீட்டுப் படங்கள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் எடுத்து அனுப்புவேன். பெரிதாக என்ன இருக்கிறது எடுக்க? உன் பூட்டின் மேல் வலை கட்டிய சிலந்தி. இப்போது என் வாசலில் அதிகாரம் பண்ணும் உன் சேவல். பால் சிரட்டையில் மழைத்தண்ணீர் விழாமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கிற ரப்பர் மரங்கள். என் அடுப்பில் வேகும் ரொட்டி. அப்புறம் பின்பக்கம் நீ நட்ட பப்பாசி மரம். அது இல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். கேட்காமல் காய் பறித்தேன் என்று நீ என்னோடு பேசாமல் இருந்தாயே, அதே மரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பார்த்ததும் கூப்பிட்டாள். "அத்தை, பப்பாசி மரம் சாயுதே, பாத்தீங்களா?"

நான் போனைச் சாய்த்துப் பிடித்திருப்பேன் என்று சிரித்தேன். அவள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றாக ஒட்டி அனுப்பினாள். இரண்டிலும் கூரை நேராக இருந்தது. மரம் மட்டும் அடியோடு நம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. தினமும் அதன் பக்கத்தில்தான் துணி காயப்போடுகிறேன். என் கண்ணில் படவே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்துக்கு மேலே, மேட்டில், மண் பிளந்திருந்தது. கையை விட்டேன். முழங்கை வரை உள்ளே போனது. அன்றைக்குப் பிடித்த பயம் மதினி, இன்னும் விடவில்லை. சேவல் இறக்கையை அடித்தால்கூட மலை வருகிறது என்று எழுந்து நிற்கிறேன்.

கேகாலையிலிருந்து மண்சரிவு பார்க்கிற ஒரு மாத்தையா வந்து பார்த்தார். "வெஸ்ஸ ஆவொத் மெஹெ இன்ன எபா" என்று சிங்களத்தில் சொன்னார். மழை வந்தால் இங்கே இருக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று. மற்ற வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர், நீ வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்ட மனுஷன், அசையவில்லை.

"காம்பராவ பூட்டிட்டு போனா வேற ஆளுக்கு குடுத்துருவாங்க. பொறவு நாங்க எங்க போறது?"

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நமக்கென்று ஒரு துண்டு மண்ணா எழுதி வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பினால், பப்பாசி மரம் வெட்டிக் கிடந்தது. அவர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். "இனிமே சாயிறதுக்கு ஒண்ணும் இல்ல. நிரோஷா புள்ளையும் பயப்படாது" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. மலை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று சொல்ல இருந்தது அந்த ஒரு மரம்தானே? அந்த வாரம் நிரோஷாவுக்குச் சேவல் படம் மட்டும் அனுப்பினேன். மரம் எங்கே என்று கேட்டாள். சிக்னல் இல்லாத மாதிரி இருந்துவிட்டேன்.

நேற்றுக் காலை பிடித்த மழை மத்தியானமும் விடவில்லை. லயம் முழுக்கக் கிளம்பிவிட்டது. அடையாள அட்டைகளையும் உன் படத்தையும் ஒரு பையில் போட்டுக் கட்டினேன். சேவலைக் கூடையில் அடைத்தேன். உன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். பிறகு நடுச்சுவருக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தத் தட்டுக்கு அப்புறம் நான் யாருக்காகவும் நின்றதில்லை என்று அவருக்குத் தெரியும்.

உன் காம்பராவுக்குள் எதுவோ சரசரவென்று உதிர்ந்தது. காரையோ, மண்ணோ. கொஞ்ச நேரம் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவரும் கேட்டார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். லயம் இன்னும் நிற்கிறது, மழையும் நிற்கவில்லை. அவர் ஜன்னலை விட்டு நகரமாட்டேன் என்கிறார். கொஞ்சம் முன்னால் என் பக்கம் திரும்பாமலே, "தங்கச்சிதான் பதிலுக்கு தட்டுச்சா?" என்று கேட்டார்.

நீயா, மதினி?

மரத்தை வெட்டிய கதையை இன்றைக்கே நிரோஷாவிடம் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவர் இருக்கிறவரை, கிளம்பும்போதெல்லாம் உனக்கு இரண்டு தட்டுத் தட்டுவேன். ஆனால் பதிலுக்கு நிற்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மகளுக்குப் படம் எடுத்து அனுப்ப ஒரு ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா?

சுவருக்கு இந்தப் பக்கத்து
உன் மதினி,
பாக்கியம்