என் தோளுக்கேற்ற துப்பாக்கி

ஆகஸ்ட் 9

வலது புருவத்தில் மூன்று தையல். என் கணவன் வெண்டெலின் 338 மேக்னம் துப்பாக்கி உதைத்த உதையில் அதன் மேல் பூட்டியிருக்கும் தொலைநோக்கி பின்னால் வந்து முகத்தில் இடித்துவிட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து ஒற்றைக் கையோடு பக்கத்தில் நின்ற வெண்டெல் முதலில் துப்பாக்கியைத்தான் துடைத்தான். பிறகு, "பழகிடும் மார்வா," என்றான்.

எதற்குப் பழக வேண்டும்? பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைக்கிற ஐம்பத்திரண்டு வயதுக்காரி உதை வாங்கப் பழக வேண்டுமா?

ஆகஸ்ட் 12

கோபத்தில் விஷயத்தை எழுத மறந்துவிட்டேன். பதினாறு வருடம் விண்ணப்பம் போட்டு, இந்த வசந்தத்தில்தான் குலுக்கலில் என் பெயருக்குக் கொம்பன் எல்க், அதாவது குதிரை உயர ஆண் மான், சுட அனுமதிச் சீட்டு விழுந்தது. ஒரு சீட்டு, ஒரு கொம்பன். இன்னொரு முறை விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெண்டெலின் அண்ணன் ஆர்லன் போடும் வேட்டைக் கூடாரத்துக்கு வருடா வருடம் போகிறேன். பெண் எல்க் ஒன்றிரண்டு சுட்டிருக்கிறேன். எல்க் சுட்டதைவிட அடை சுட்டதுதான் அதிகம். இந்த வருடம் வெண்டெல் வர முடியாது. அவன் கட்டில் எனக்கு. ஆகையால் அவன் துப்பாக்கியைத்தான் நான் தூக்க வேண்டுமாம்.

ஆர்லன் போனில் சொன்னது: "கூடாரத்துல இடம் அந்த 338-க்குத்தான் அம்மணி. அது வந்தா நீயும் வா. இல்லன்னா வழக்கம்போல அடுப்பு இருக்கவே இருக்கு."

துப்பாக்கி வேட்டைக்குப் போகிறது, நான் அதற்குத் துணை. அப்படியா சங்கதி.

ஆகஸ்ட் 21

தையல் பிரித்தாயிற்று. மறுபடி 338-ஐச் சுட்டேன். எனக்குத் தெரியாமல் வெண்டெல் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகியிருந்தான். விசையை இழுத்தேன், 'டிக்' என்றது, அவ்வளவுதான். வெடிக்கவே இல்லை. ஆனால் குழல் முனை நன்றாகக் கீழே குனிந்துவிட்டது. உதை வருமுன்பே உடம்பு ஒடுங்கிவிட்டது.

"பாத்தியா, பயப்படுற," என்றான்.

"ஆமா, பயப்படுறேன். புருவம் என்னுது."

"பயத்தை ஜெயிக்கணும்."

"ஏன் ஜெயிக்கணும்? துப்பாக்கிய மாத்தினா ஆகாதா?"

எழுந்து நிலவறைக்குப் போய்விட்டான். அங்கேதான் அவன் தோட்டா நிறைக்கும் பட்டறை. ஆர்லன் உட்படக் கூடாரத்தில் எல்லாருக்கும் மருந்தளந்து நிறைத்துக் கொடுப்பவன் அவன்தான். ஊரில் அவன் கைக்கு நல்ல பெயர். அந்தக் கையால் எனக்கு உதை குறைந்த தோட்டா நிறைத்துத் தர மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 30

பேருந்தை நிறுத்திவிட்டு நேரே ஓஸ்ட்பியின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். என்னிடம் இருக்கும் சின்ன 270 துப்பாக்கியையே எடுத்துப் போனால் என்ன என்று கேட்டேன்.

"பக்கவாட்டுல நின்னா 270 போதும். எல்க் உனக்காகப் பக்கவாட்டுல நிக்குமா?" என்றார் ஓஸ்ட்பி. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்பாங்க. எல்க்குக்குப் புல்லு சாப்பாடு."

அவர் சொல்வது நியாயம். நான் போகப்போவது அடர்ந்த பைன் காடு. அங்கே இருநூறு கஜத்துக்கு மேல் எதுவும் கண்ணில் படாது. படுவதும் முகம் காட்டியோ முதுகு காட்டியோ நிற்கும். தோள் எலும்பை உடைத்து உள்ளே போகிற கனமான குண்டு வேண்டும். என் தோளை உடைக்காத உதை வேண்டும். எனவே நடுத்தரக் குழல். அதிலும் எது?

ஓஸ்ட்பி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 338-06 நல்ல தோட்டாதான், ஆனால் அதற்குக் குழலையே மாற்ற வேண்டும், காட்டில் தோட்டா தீர்ந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. நெம்புகோல் வைத்த குட்டையான 358 கைக்கு இதமாக இருந்தது. தூரம் கொஞ்சம் கூடினால் குண்டு சரிந்து விழுமாம். கடைசியாகச் சுவரோரம் இருந்த ஒரு பழைய 35 வீலன். 30-06 தோட்டாவின் கழுத்தை அகலப்படுத்திச் செய்தது. 250 கிரெய்ன் எடைக் குண்டு. தோளில் வைக்கும் மரக்கட்டை முழுக்கக் கீறல். யாரோ தன் மனைவிக்கென்று கட்டையை வெட்டிக் குறுக்கியிருக்கிறான். அவள் ஒரு முறைகூடச் சுடவில்லையாம். தோளில் வைத்தேன். கண் தானாகவே தொலைநோக்கிக்கு நேராகப் போனது.

"338 அறையும். இது தள்ளும்," என்றார் ஓஸ்ட்பி.

பின்பக்கம் போய் நாலு சுட்டேன். தள்ளத்தான் செய்தது. வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 2

"அந்தத் தோட்டாவை நிறைக்கிற அச்சு என்கிட்ட இல்ல," என்றான் வெண்டெல்.

"வாங்கலாம்."

"வாங்கலாம்."

வாங்க மாட்டான். எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 14

அச்சை நானே வாங்கினேன். நானே நிலவறையில் இறங்கி நிறைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் மேலே நாற்காலி நகரும் சத்தம். பிறகு படியில் காலடி. அடுத்த படி. "மருந்தை ரெண்டு தடவை நிறுத்துப் பாரு," என்றான். இன்னொரு படி. "குண்டை அவ்ளோ ஆழமா அழுத்தாத." கடைசியில் என் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

அங்கிருந்தே சொன்னான்: "என் துப்பாக்கி போனா நானும் போன மாதிரி இருக்கும்னு நெனச்சேன் மார்வா."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இளகியிருப்பேன், நல்லவேளை சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வீலனைத்தான் எடுத்துப் போவேன் என்றும் சொன்னேன். அவனை நினைத்து இரக்கப்பட்டு நான் சுட்டால் குறி தவறும். தவறினால் நோவு எல்க்குக்கு.

அக்டோபர் 6

நூற்றைம்பது கஜத்தில் ஒரு கேக் தட்டு. தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றிச் சுட்டேன். எல்லாம் தட்டுக்குள். நடுவில் வெற்றுத் தோட்டாவும் இருந்தது. இந்த முறை நானே கண்ணை மூடிக் கலந்து போட்டேன். குழல் அசையவில்லை.

அக்டோபர் 25

கூடாரம். நாளை வேட்டைப் பருவம் தொடங்குகிறது. ஆர்லன் என் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துத் தோட்டா அம்மணி? கெழவனுங்க வச்சிருந்தது."

"அப்போ உங்களுக்குத்தான் பொருந்தும் ஆர்லன், உங்களுக்கு அறுபத்தாறு," என்றேன். ஐவர் என்ற பெயருள்ள அவருடைய கூட்டாளி காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

ஆர்லன் சிரிக்கவில்லை. அடுப்பைக் காட்டினார். நான் என் சுருட்டுப் படுக்கையை வெண்டெலின் கட்டிலில் விரித்தேன். சாப்பாட்டை ஐவர் சமைத்தார், உப்பு அதிகம்.

முதல் நாள் மாலை வழக்கப்படி, மாமனார் போட்டுவிட்டுப் போன சட்டத்தை ஆர்லன் எழுந்து நின்று சொன்னார். ரத்தம் சிந்த வைத்துவிட்டு மிருகத்தைத் தொலைத்தவனுக்கு அந்த வருட வேட்டை முடிந்தது, சீட்டைக் கிழித்துவிட வேண்டும். முதல் ரத்தம் வரவழைத்தது யாருடைய குண்டோ, கொம்பு அவனுக்கு. இதைச் சொல்லும்போது அவர் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

அக்டோபர் 27

ஒன்றும் இல்லை. மாலையில், கையில் தனக்கும் ஒரு கொம்பன் சீட்டு வைத்திருக்கும் ஆர்லன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்ற கொம்பனைச் சுட்டார். ஐந்நூறு கஜத்துக்குக் குறையாது. "தவறிடுச்சு," என்றார். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "தவறிடுச்சுன்னு சொல்றேன்ல." இருட்டிக்கொண்டு வந்தது.

அக்டோபர் 28

கை இன்னும் நாறுகிறது. எழுதிவிடுகிறேன்.

காலையில் தனியாகப் பள்ளத்தாக்கைச் சுற்றி, நேற்று ஆர்லன் சுட்ட சரிவுக்குப் போனேன். மேல் முகட்டில் ஒரு பெரிய கொம்பனின் புதுத் தடம். நிதானமாக நடந்து போயிருக்கிறது. அதன் பின்னால் போக வேண்டியதுதான் என்று திரும்பினேன். அப்போதுதான் கீழே பனியில் ரத்தம் பார்த்தேன். முடிக் கற்றை. பக்கத்தில் ஒரு கால் இழுபட்ட கோடு.

எவ்வளவு நேரம் நின்றேனோ. மேலே போனால் நல்ல கொம்பன். கீழே போனால் வேறொருவர் கெடுத்தது. அதை நான் முடித்தால் என் ஒரே சீட்டை அதன் கொம்பில் கட்டித் தீர்க்க வேண்டும். கொன்றவர் சீட்டு கட்ட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். என் பதினாறு வருடம். யாரும் பார்க்கவில்லை. நான் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை என்று இருந்துவிடலாம் — ஆர்லன் இருந்த மாதிரி.

கீழே போனேன். வசை பாடிக்கொண்டே போனேன்.

பைன் கூட்டத்துக்குள் படுத்துக் கிடந்தது. என் வாசம் பட்டு எழுந்தது. வலது பின்னங்கால் தொங்கியது. பக்கவாட்டில் நிற்கவில்லை, என்னைப் பார்த்துச் சாய்வாக நின்றது. எழுபது கஜம் இருக்கும். தோளும் நெஞ்சும் சேருமிடத்தில் சுட்டேன். துப்பாக்கி தள்ளியதுகூட நினைவில்லை. முன்னால் இரண்டு எட்டு வைத்து விழுந்தது. குண்டு தோள் எலும்பை உடைத்து ஈரலுக்கு அப்பால் வரை போயிருந்தது.

கொஞ்சம் அழுதேன். பிறகு சீட்டில் தேதியைக் கீறிக் கட்டினேன்.

துண்டு போட்டு இறைச்சியை, அடிவாரத்தில் கட்டிவிட்டுப் போன கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு கூடாரம் வந்தபோது எல்லாரும் வெளியே வந்தார்கள். பெரிய கொம்பு, ஒரு பக்கத்துக்கு ஆறு கிளை. ஆர்லன் பின்னங்காலைப் பார்த்தார். கொம்பில் கை வைத்தார்.

"முதல் ரத்தம் என்னுதும்மா. நேத்து நான் சுட்டது. கொம்பு எனக்கு வரணும்."

"சரி," என்றேன். "அப்போ ரத்தம் சிந்த வச்சுட்டுத் தேடாம விட்டது நீங்க. சீட்டைக் கிழிச்சுப் போடுங்க, கொம்பை எடுத்துக்குங்க."

"நேத்து இருட்டிடுச்சு—"

"நேத்து தவறிடுச்சுன்னு சொன்னீங்க. தவறியிருந்தா முதல் ரத்தம் என்னுது. எது? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி ஆர்லன்?"

ஆர்லன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பிலிருந்து கையை எடுத்தார்.

"தவறிடுச்சு," என்றார்.

அக்டோபர் 29

விடியலில் ஆர்லன் வேட்டைக்குப் புறப்பட்டார். கூட யாரும் போகவில்லை. ஐவர் வயிறு சரியில்லை என்றார்; அடைகளை மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 31

வீடு. கொம்பைக் கொட்டகையில் இறக்கினேன். வெண்டெல் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்குக் கதை முன்னாலேயே போனில் வந்துவிட்டது.

"ஆயிரம் இருந்தாலும் அவன் என் அண்ணன். நாலு பேர் முன்னாடி கேக்கணுமா? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு பேர் முன்னாடிதான் கொம்பைக் கேட்டார்."

"அண்ணன் பொய் சொல்ற ஆளில்ல மார்வா. நீ வேற ரத்தத்தைப் பாத்திருப்ப."

வேற ரத்தம். எந்த மலையில் வேற ரத்தம்? எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் போட்டு உடைத்திருப்பேன். உடைக்கவில்லை. அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். அவனோடு பேசப் பிடிக்கவில்லை. அவனிடம் கெஞ்சி நிரூபிக்கவும் மாட்டேன். நான் செய்ததை மறுபடியும் செய்வேன்.

நவம்பர் 2

பேசவில்லை.

நவம்பர் 3

சமையலறை மேசையில் இறைச்சி வெட்டினோம். பேச்சு இல்லை, ஆனால் இறைச்சி காத்திருக்காதே. நான் வெட்ட, அவன் ஒற்றைக் கையால் காகிதத்தில் சுற்றினான். பிறகு பின்தொடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கெட்டுப்போன சதையைச் சீவிக்கொண்டே வந்தவனின் கத்தி எதிலோ இடித்தது. விரலை விட்டு எடுத்தான். நசுங்கி விரிந்த குண்டு.

குழாயடியில் கழுவினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நிலவறைக்குப் போய் ஒரு சுடாத குண்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். 338. அடிப்பாகத்தில் அதே வளையம். அந்த வளையமிட்ட ரகத்தை அவன் அண்ணனுக்கு மட்டும்தான் நிறைத்துக் கொடுக்கிறான்.

"தவறிடுச்சுன்னுதானே சொன்னான்?" என்றான்.

"ஆமா."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

உட்கார்ந்துவிட்டான். என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. மீதித் தொடை முழுவதையும் அவனே சீவினான், என்னைத் தொடவிடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அதிலிருந்தே கொஞ்சம் வறுத்தேன். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான்.

நவம்பர் 24

பருவம் முடிந்தது. ஆர்லனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஐவர் சொன்னார். எனக்குச் சந்தோஷமா? கொஞ்சம். பொய் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 16

காலையில் போன் அடித்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், வெண்டெல் எடுத்தான். ஆர்லனின் குரல் இங்கே வரை கேட்டது. குளிர், கால் வலி, கன்று ஈன்ற பசுக்கள் — எல்லாம் பேசிவிட்டு, இந்த வருடத்துக்குத் தன் தோட்டாக்களை நிறைத்து வைக்கும்படி கேட்டார். கூடாரத்துக்கு வெண்டெல் தோள் சரியாகி வந்துவிடுவான்தானே, அவன் கட்டிலில் அவனே படுப்பான்தானே என்றார்.

"நிறைக்கிறேன் அண்ணே," என்றான் வெண்டெல். "ஆனா போன வருஷத்து ஒண்ணு என்கிட்டயே திரும்பி வந்திருக்கு. அந்தக் கொம்பனோட தொடையில இருந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லு. அப்புறம் மத்ததைப் பேசலாம்."

வெண்டெல் போனை வைக்கவும் இல்லை, வேறு பேச்சு எடுக்கவும் இல்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் ஆறிய பிறகும் அந்தக் கையைக் கொஞ்சம் மடக்கியேதான் வைத்திருக்கிறான்.

பிறகு ஆர்லன் ஏதோ சொன்னார். மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன?" என்றான் வெண்டெல். "சீட்டைக் கட்டினவகிட்ட சொல்லு."

போனை என் பக்கம் நீட்டினான். நான் அவசரப்படவில்லை. கடைசித் தட்டையும் தேய்த்துக் கவிழ்த்தேன், இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன், பிறகுதான் வாங்கினேன்.