பட்டன் மேஜைக்குப் போக மாட்டேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதினா உங்கம்மா பேனாவைப் பிடுங்கிடுவா, அதனால அவ சௌக்கியம், நான் பரவாயில்லை, நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்.

தைராய்டு எகிறாம இருக்க நான் போடற மாத்திரைதான் கை மூட்டுகளை வீங்க வைக்குதுன்னு எங்கேயோ படிச்சதா, உடனே நிறுத்துங்கன்னு நீ ஃபோன்ல சொன்னியே, நிறுத்தினேன். வந்த வினையைக் கேளு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை நடுங்குது, தையல் கடையில ஒரு கல்யாணக் கோட்டுத் துணி வெட்டறப்போ கத்திரி வழுக்கி முன்பக்கத்துலயே ஒரு கிழிசல். முதலாளி திட்டல, நாளையிலேர்ந்து பட்டன் தைக்கிற மேஜையில உட்காருங்கன்னாரு. திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷம் துணி வெட்டின கை பட்டன் தைக்கறதா? முடியாதுன்னு சொல்லிட்டு நேரா டாக்டர்கிட்ட போனேன். யாரைக் கேட்டு நிறுத்தினீங்கன்னு அவர் ஒரு பிடி பிடிச்சாரு, வாங்கிக்கிட்டேன். வீங்கின விரல் மூட்டைக் காட்டினா, வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னாரு. எனக்கு வந்துச்சே கோபம்! காலையில கட்டைவிரல் மடங்காம உங்கம்மாதான் சட்டை மாட்டிவிடறா, இது மாத்திரையாலயா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க, அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னுட்டேன். வெளியில வரிசை முணுமுணுக்குது, உங்கம்மா கையைப் பிடிச்சு இழுக்கறா, நான் அசையணுமே. கடைசியில அவரே இறங்கி வந்தாரு. என் தைராய்டே உடம்பு தன்னையே எதிரியா நினைச்சு அடிச்சதால கெட்டதாம், அதே மாதிரி கோளாறு மூட்டுக்கும் வரலாமாம், இல்ல அபூர்வமா சிலபேருக்கு இந்த மாத்திரையே அப்படி ஒண்ணைக் கிளப்பிவிடுமாம், ரத்தம் பார்த்தாதான் தெரியுமாம். குடுத்தாச்சு. அதுவரைக்கும் அவர் சொன்னபடிதான் மாத்திரை, நீ சொன்னபடி இல்ல, கோவிச்சுக்காதே. எதுவா இருந்தாலும் பட்டன் மேஜைக்கு நான் போகப்போறதில்ல, முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. இந்தக் கோளாறு பெத்த பிள்ளைக்கும் வருமான்னு கேட்டேன், வரலாம்னாரு. சுருக்குன்னுச்சு எனக்கு. முடி கொத்துக்கொத்தா கொட்டுது, எப்பவும் அசதியா இருக்குன்னு உங்கம்மாகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னியாம். எனக்காக அவ்வளவு படிச்சவ, உனக்காக ஒரு வரி படிச்சியா? இந்த வாரமே போய் ரத்தம் குடு. வேலை அதிகம், அதான் அசதின்னு யாராவது சொல்லி அனுப்பப் பார்த்தா விடாதே, அடம் பிடி. நீ என் பொண்ணுதானே.

நோய்நொடி அண்டாம நீங்க ரெண்டு பேரும் நல்லா வாழணும். ரிப்போர்ட் வந்ததும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும், நல்லதா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, மறைச்சேன்னா கிளம்பி அங்கேயே வந்துடுவேன்.

உன் பிடிவாதக்கார
அப்பா