திங்கள்கிழமை பார்க்கணும்

ஜனவரி 6, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலை ஐந்தே முக்காலுக்கு நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைச் சுற்றிவந்து விளக்கு, சக்கரம், கதவு, பிரேக் எல்லாம் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருஷமாகப் போடுகிற கையெழுத்து. முப்பத்தோரு பிள்ளைகள்.

திரும்பும்போது விமானத் திடலைத் தாண்டித்தான் வரவேண்டும். வேறு வழி கிடையாது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மார்லின் டீட்ஸ் ஏணிமேல் நின்றுகொண்டு அந்த இரண்டு இஞ்சின் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் நடத்தும் பழைய போர் விமானச் சங்கத்துக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். பெரிய நாலு இஞ்சின் குண்டுவீச்சு விமானம் செப்டம்பரில் மக்காச்சோளக் காட்டில் விழுந்து எரிந்துபோனது. அதில் ஏழு பேர். ஏழில் ஒருவர் என் வெண்டல். நாலு மாதம்கூட ஆகவில்லை, இவன் மிச்சத்தைப் பளபளப்பாக்குகிறான்.

ஜனவரி 12, ஞாயிறு

தேவாலயத்தில் மார்லின் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறான். பாட்டு முழுக்க அவன் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், அல்லது மன்னிக்காமல் போகட்டும்.

ஆராதனை முடிந்து கீழே காப்பி குடிக்கும்போது எழுந்து நின்று அறிவிக்கிறான்: கோடையிலிருந்து அந்தச் சின்ன விமானத்தில் சவாரி தொடங்க அனுமதி கேட்டிருக்கிறார்களாம். மார்ச் 6 அன்று பள்ளி விளையாட்டுக் கூடத்தில் விமானத்துறை அதிகாரிகள் வந்து ஊர்க்காரர்களைக் கேட்பார்களாம். எல்லோரும் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டுமாம். நான் இருப்பது தெரியாமலா சொன்னான்? தெரிந்தேதான்.

செப்டம்பரில் வெண்டலுக்கு அந்தச் சவாரிச் சீட்டு வாங்கியது நான். எங்கள் முப்பதாவது கல்யாண நாள். வெண்டலின் அப்பா போரில் அப்படி ஒரு விமானத்தில் பறந்தவர், அதனால். மார்லினுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் எப்போது பறந்தாலும் ஓட்டுநர்கள் இருவருக்கும் பின்னால் நின்றுகொண்டு போவான், அது அவன் இடம். அன்றைக்கு மட்டும் வெண்டலின் தோளைத் தட்டி, “முப்பது வருஷம் இவளோட குப்பை கொட்டியிருக்க, உனக்கு இல்லாத இடமா? போய் நில்லுடா” என்றான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன்.

ஜனவரி 15

வேலை. சூப். கோபம். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கார்வின் வந்திருந்தார். சங்கத்தில் இருபது வருஷமாக இஞ்சின் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். தொப்பியை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

உள்ளே ஒரு துண்டு டேப். பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுகிற அந்த மஞ்சள் காகித டேப். அதில் பேனாவால்: “மூணாவது இஞ்சின் இருமுது. திங்கள்கிழமை பார்க்கணும்.” மார்லினின் கையெழுத்து. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கோணல் எழுத்து.

கார்வின் சொல்லித்தான் எனக்கு அவர்கள் வழக்கம் தெரிந்தது. பழுதை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டால், சரிபார்த்து உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போடும்வரை விமானம் எழும்பக் கூடாது. சனி ஞாயிறுதான் சவாரிக் கூட்டம். அதனால் சனி ஞாயிற்றில் கண்ட பழுதெல்லாம் கொட்டகையில் இருக்கும் கருவிப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் டேப்பில் ஒட்டுவார்கள், திங்கள்கிழமை புத்தகத்தில் ஏற்றுவார்கள். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். வெண்டல் ஏறியது சனிக்கிழமை. புகை அடங்கிய சாயங்காலம் கார்வின் அதை உரித்து எடுத்து வைத்துக்கொண்டாராம். விசாரணைக்காரர்களிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். “நானும் ஒட்டியிருக்கேன் நெல்டா. எத்தனையோ தடவை” என்றார்.

அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை நான். டேப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 20

மாட்டிக்கிட்டடா மார்லின். மார்ச் ஆறாம் தேதி வரட்டும். அத்தனை பேர் முன்னாடி உன் கையெழுத்த நீயே வாசிக்கணும். வாசிக்க வைக்கிறேன் பாரு.

பிப்ரவரி 3, திங்கள்

மார்லின் வந்தான். கையில் மூடிபோட்ட தட்டு, அவன் மனைவி பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு. இந்த ஊரில் சாவு வீட்டுக்கும் சமாதானத்துக்கும் அதே தட்டுதான்.

கார்வின் மனம் தாங்காமல் அவனிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. வாசலில் நின்றே பேசினான். வயசானவர்கள் வந்து தங்கள் அப்பா உட்கார்ந்த இடத்தைத் தொட்டு அழுகிறார்கள், விமானத்தைக் கயிறு கட்டிக் கொட்டகையில் பூட்டிவைத்தால் யாருக்கு என்ன லாபம் என்றான். ஏறுகிறவர்கள் குழந்தைகளா என்றான். “ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போட்டுட்டுத்தானே வெண்டல் ஏறினான்?”

“அந்தப் பேப்பர்ல இஞ்சின் இருமுதுன்னு எழுதியிருந்துச்சா?” என்று கேட்டேன்.

தட்டை என் கையில் கொடுத்தான். பிறகு மெதுவாக, “அன்னைக்கு நான் நின்னிருக்க வேண்டிய இடம் அது நெல்டா. நான் தூங்கி நாலு மாசமாச்சு” என்றான்.

நல்லது. தூங்காதே. கதவைச் சாத்தினேன். உருளைக்கிழங்கைக் குப்பையில் கொட்டித் தட்டைக் கழுவி அவன் வாசலில் வெறுமையாக வைத்துவிட்டு வந்தேன். வெறும் தட்டைத் திருப்பி வைத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம், இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இதை எழுதிவைக்கவேண்டும்.

ரயில் கடவையில் எந்தப் பள்ளிப் பேருந்தும் நிற்கவேண்டும். நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டவேண்டும். இன்று மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. மெதுவாக, அலட்சியமாக உருண்டுபோய் முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி நின்றது. ரயில் வரவில்லை. பிள்ளைகள் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். பின்னால் எடுத்தேன். பனிக்கட்டி என்று நினைத்தேன். பனிக்கட்டி என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

பேருந்துக் கொட்டகைக்கு வந்து வண்டியை அணைத்ததும் கண்ணில் பட்டது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. போன புதன்கிழமை நானே எழுதி ஒட்டியது.

“இடது பின் பிரேக் இழுக்குது. வெள்ளிக்கிழமை பார்க்கணும்.”

வெள்ளிக்கிழமை மறந்துபோனது.

பிப்ரவரி 19

ஏன் புத்தகத்தில் எழுதவில்லை? எழுதினால் வண்டி நிற்கும். மாற்று வண்டியில் ஹீட்டர் வேலை செய்யாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. பிள்ளைகள் விறைத்துப்போவார்கள். நல்லதுக்குத்தான் செய்தேன்.

நல்லதுக்குத்தான்! அவனும் அதைத்தானே சொல்லுவான். அடிப்பாவி நெல்டா.

பழுதை இன்று புத்தகத்தில் ஏற்றினேன். கொட்டகை மேற்பார்வையாளர் ராய்ஸ் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தால் அவ்வளவுதான் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றேன். சீட்டு என் கைப்பையில் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

அடுப்பைப் பற்றவைத்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எரித்தால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. சொன்னால் உரிமம் போகும், இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

ஆனால் வியாழக்கிழமை அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். இஞ்சின் வேலை தெரியாத பொம்பளை, புருஷனை இழந்த துக்கத்தில் பேசுகிறாள் என்பான். மரியாதையாகத்தான் சொல்லுவான். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஊரே அவன் பக்கம். நானும் அதையே செய்தவள் என்று காட்டினால் அப்படித் தள்ளிவிட முடியாது.

அடுப்பை அணைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

கூடம் நிறைந்திருந்தது. அவன் முதலில் பேசினான், சத்தியமாக நான் நினைத்தபடியே. மரியாதையாக, தழுதழுத்த குரலில். என் பெயர் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான். இனி எல்லாம் ஒழுங்காக நடக்கும், எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று முடித்தான். கைதட்டல்.

நான் போய் அதிகாரிகள் முன்னால் டேப்பை வைத்தேன். யார் எழுத்து என்று அவனைக் கேட்டார்கள். எழுந்தான். தன்னுடையது என்றான். வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தான். ‘திங்கள்கிழமை’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஐந்து மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன், இனித்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பின்வரிசையில் யாரோ, “எல்லாரும் செய்யுறதுதானே” என்றார்கள்.

அப்போதுதான் மஞ்சள் சீட்டை எடுத்து டேப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். “ஆமா, எல்லாரும் செய்யுறதுதான். இது என் பஸ்ஸுல நான் ஒட்டினது. முப்பத்தோரு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டுத் தண்டவாளத்துல ஏறி நின்னேன். என் தலைக்கு மேல ராய்ஸ் இருக்காரு, சொல்லாம கொள்ளாம வந்து சோதனை போடுற ஆளு இருக்கு, சட்டம் இருக்கு. இவ்வளவு இருந்தும் நான் செஞ்சேன். இவங்க தலைக்கு மேல யாரு இருக்கா? இவங்களே. பறக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா ஒருத்தரையும் ஏத்திக்கிட்டுப் பறக்கக் கூடாது.”

யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மார்ச் 7

சாவியைக் கொடுத்துவிட்டேன். ராய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “உனக்குப் பைத்தியமா? எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேனே.”

அதனால்தான் அங்கே போய்ச் சொன்னேன் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் பேருந்துக்கு அவன் விமானம். சரிக்குச் சரி.

ஏப்ரல் 11

ஒரு அம்மா கடையில் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். போகட்டும். அவள் பிள்ளை உயிரோடு இருக்கிறது.

மே 22, வியாழன்

அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். சங்கத்தின் விமானம் பறக்கலாம். ஓட்டுவதற்குத் தேவையானவர்கள் தவிர வேறு ஒருவரும், காசு கொடுத்தோ கொடுக்காமலோ, அதில் ஏறக் கூடாது.

வெண்டலின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

சுதந்திர தின ஊர்வலத்துக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவள் இழுத்துக்கொண்டு போனாள். வெயில், கொடி, பிள்ளைகளுக்கு மிட்டாய் வீச்சு.

பதினோரு மணிக்கு வழக்கம்போல அந்த விமானம் வந்தது. கடைத்தெருவுக்கு மேலே தாழ்வாக, மெதுவாக. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலை. திரும்பி வந்தபோது மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் மார்லின் நின்றிருந்தான். தலையில் சங்கத்துத் தொப்பி. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த விமானத்தைக் கீழே இருந்து பார்க்கிறான். அண்ணாந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தான், போன செப்டம்பரில் நான் ஆட்டின மாதிரியே.

விமானம் பத்திரமாக இறங்கிய சத்தம் கேட்கும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நானும் நகரவில்லை.