எல்லாம் நீலமாய்த் தெரிந்த பேய்ப்படம்

மதினி,

நேற்று மத்தியானம் உங்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பியிருந்தான். "அத்தை, நீங்களும் அம்மாவும் புதுக்கோட்டையில பாத்த பேய்ப்படம் இதுதானான்னு பாத்துச் சொல்லுங்க" என்று குரல் செய்தி வேறு. அதேதான். அதே இடிந்த பங்களா, அதே நரைத்த விக் வைத்த மந்திரவாதி. சாம்பிராணிப் புகையைத் தவிர வேறெதற்கும் செலவு செய்யாத அந்தப் புண்ணியவான் எடுத்த படமேதான்.

அன்றைக்கு நடுங்க வைத்த இடங்களெல்லாம் செல்போனில் பார்க்க எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கின்றன தெரியுமா! கதை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று 'கண்ணாடியை அணியவும்' என்று எழுத்து வரும். உடனே ஒருவன் காரணமே இல்லாமல் ஈட்டியை நம் முகத்துக்கு நேரே நீட்டுவான். ஒரு கிழவி துடைப்பத்தை நீட்டுவாள். நீட்டி முடித்ததும் 'கண்ணாடியைக் கழற்றவும்'. கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் உருவங்களின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பிசிறடிக்கிறது. எதுவும் வெளியே வருவதில்லை. எல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. நீங்கள் அன்றைக்குப் பார்த்த படத்தை நான் நேற்றுத்தான் பார்த்தேன்.

உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம் இருக்கும். புதுப்பெண்ணைப் புருஷனோடு தனியாகச் சினிமாவுக்கு அனுப்பும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. அண்ணன் கடைக்குப் போய்விட்டார். உங்களுக்குக் காவலாக அம்மாவும் நானும் அரிமளத்தில் பஸ் ஏறினோம். மேட்னி ஷோ. நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வயதில் நமக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

தியேட்டர் வாசலில் அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள். இடது பக்கம் சிவப்புத் தாள், வலது பக்கம் நீலத் தாள். எலும்புக் கை ஒன்று திரையை விட்டு வெளியே வந்தபோது தியேட்டரே குனிந்தது. அம்மா "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு என் மடியில் விழுந்தாள். நீங்கள் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

இடைவேளையில் அம்மா முகம் கழுவப் போனாள். அப்போதுதான் என்னிடம் கேட்டீர்கள்: "ஏன்டி, இந்தக் கண்ணாடியப் போட்டா எல்லாம் நீலமாத்தான் தெரியுமா?" உங்கள் கண்ணாடிதான் பழுது என்று என்னுடையதைக் கொடுத்தேன். அதிலும் நீலம்தான். திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றேன். "அட, இப்ப எல்லாம் செவப்பா இருக்கு" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கிக்கொண்டு, உங்கள் வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒன்னையக் கும்பிடுறேன். அத்தைகிட்ட சொல்லிராத. அனுப்பிருவாங்க."

சின்ன வயதில் கருவேல முள் குத்திப் பார்வை போன இடது கண். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பெண் பார்க்க நாங்கள் விராலிமலைக்கு வந்த அன்று நீங்கள் தலையைத் தூக்கவே இல்லை. அம்மா அதை அடக்கம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். உங்கள் வீட்டார் மறைத்ததற்காக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கும்பிட வந்த உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு உங்களைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் செய்த கூத்து இருக்கிறதே! ஏதாவது திரையை விட்டு வந்தால் தொடையில் கிள்ளுவேன், நீங்கள் குனிய வேண்டும் என்று ஏற்பாடு. ஈட்டி வந்தது, கிள்ளினேன். நீங்கள் "ஸ்ஸ்" என்று தொடையைத் தேய்த்து முடிப்பதற்குள் ஈட்டி போய்விட்டது. பிறகு நீங்களாகவே கணக்குப் போட்டு, கதாநாயகி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது பயந்ததுபோலக் குனிந்தீர்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டே விட்டாள். "ஏத்தா, பேய் வந்தப்ப கல்லாட்டம் ஒக்காந்திருந்த. காப்பிக்கு எதுக்குக் குனிஞ்ச?"

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மதினிக்குப் பேய்னா பயமே கெடையாதும்மா. நீ விழுந்து பொரண்டத நெனச்சுச் சிரிப்ப அடக்க முடியாமக் குனிஞ்சாங்க."

அம்மாவுக்கு ரோஷம் வந்தது. கூடவே மருமகள்மீது ஒரு மரியாதையும் வந்தது. பயமறியாத மருமகள் என்று அவளே தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா? வைக்கோல் போரில் பாம்பா, கூப்பிடு அவளை. சாவு வீட்டில் குளிப்பாட்ட ஆள் இல்லையா, கூப்பிடு அவளை. "நீ ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒம்பாட்டுக்குக் காலேஜுக்குப் போயிட்ட. பாம்புக்கு மூஞ்சியக் காட்டுறது நானுல்ல?" என்று கொல்லையில் வைத்து என்னைத் திட்டுவீர்கள். பல்லிக்கே பயப்படுகிற ஆள் நீங்கள். ஆனாலும் போவீர்கள்.

வருஷங்கள் கழித்து அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டோடு அவள் வீடு வந்த அன்று நானும் வந்திருந்தேன். சொம்பிலிருந்து தண்ணீர் சாய்த்தாள்; டம்ளருக்கு வெளியே கொட்டியது. மறுபடியும் அப்படியே. நீங்கள் சொம்பை வாங்கி, அதன் விளிம்பை டம்ளர்மீது தொடவைத்து, பிறகு சாய்த்தீர்கள். எப்போதும் நீங்கள் ஊற்றுவது அப்படித்தான். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா நீ தொட்டுத்தான் ஊத்துற. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. எந்தக் கண்ணு?"

"எடது, அத்தை."

"அப்பயே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா அனுப்பிருப்பீங்க."

அம்மா பொய் சொல்லவில்லை. "அனுப்பித்தான் இருப்பேன்" என்றாள். "அனுப்பிட்டு இன்னைக்கு இந்தத் தண்ணிய யாரு ஊத்துவா" என்று டம்ளரை வாங்கிக் குடித்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சு நம் வீட்டில் எழவே இல்லை. அண்ணனுக்கு எப்போது சொன்னீர்கள் என்று நானும் கேட்டதில்லை.

போன ஆவணியில் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்களெல்லாம் "எதுக்கும் பயப்படாத மனுசி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் நேற்றுப் படம் முடிந்து போனைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நீங்கள் அத்தனை வருஷமும் எங்களுக்குத்தான் பயந்து வாழ்ந்திருக்கிறீர்கள்.

நமக்குள் என்ன சண்டை குறைச்சலா? தீபாவளிச் சேலைக்கு, அம்மாவின் தோட்டுக்கு, உங்கள் மகனை ஹாஸ்டலில் சேர்த்ததற்கு. நான் ஒன்று சொன்னால் நீங்கள் பத்து சொல்வீர்கள். பிறகு நடுவிலேயே நிறுத்தி, "சரி, நீ சொல்றதுதான்" என்று எழுந்து போய்விடுவீர்கள். பெரிய மனசு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கோபத்தில் நான் அம்மாவிடம் போட்டு உடைத்துவிடுவேனோ என்றுதான் நிறுத்தினீர்களா, மதினி? யோசித்துப் பார்த்தால், அம்மாவுக்குத் தெரிந்த பிறகு நீங்கள் என்னோடு போட்ட சண்டை ஒன்றில்கூட விட்டுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

தியேட்டரில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டதே போதும், வாயால் வேறு வாக்குக் கொடுக்க வேண்டுமா என்று இருந்துவிட்டேன். அந்தச் சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது. எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டேன், மதினி.