அம்மை குத்தியதாக எழுதப்பட்டவள்

18-11-1974, திங்கள். அரியலூர்

பாஸ்போர்ட்டும் விசாத் தாளும் வந்துவிட்டன. டிசம்பர் 8, பம்பாயிலிருந்து குவைத்துக்கு விமானம். எங்கள் குழுவில் ஆறு நர்ஸுகள். தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்வது லப்பைக்குடிக்காடு ஹபீபுல்லா பாய்.

"எல்லாம் சரி சிஸ்டர், மஞ்சப் புத்தகம், அதான் ஊசி போட்ட சர்ட்டிபிகேட்டு, அது ஒண்ணுதான் பாக்கி. வடக்கே இந்த வருசம் பெரியம்மை ரொம்பவாம். இந்தியாக்காரன்னா புரட்டிப் புரட்டிப் பாக்குறான். காலராவுக்கு ஒரு பக்கம், அம்மைக்கு ஒரு பக்கம். முத்திரை இல்லேன்னா பிளேன்ல ஏத்த மாட்டான்."

காலரா ஊசி இன்றே போட்டுக்கொண்டேன். ஆறு நாள் கழித்துத்தான் அது செல்லும். கை விண்விண் என்று தெறிக்கிறது. ஊருக்கெல்லாம் போடுகிறேன், எனக்கு ஒன்று தாங்கவில்லை.

19-11-1974, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் நடராசன் மஞ்சள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மை குத்துறது முதல் தடவையா, மறு தடவையா?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே புத்தகத்தைப் பார்த்தார்.

எட்டு வயதில் எனக்குப் பெரியம்மை. தழும்பில்லாத இடம் முகத்தில் இல்லை. ஆனால் அம்மைத் தடுப்பூசி குத்தியதே இல்லை. நர்ஸ் படிப்பில் எல்லோருக்கும் குத்தியபோது, "உனக்கெதுக்குடி, உன் மூஞ்சியே சொல்லுதே" என்று வார்டன் அம்மா என்னை வரிசையிலிருந்து தள்ளி நிறுத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விதி இதுதான். மறு தடவை என்றால் குத்திய அன்றே சான்று செல்லும். முதல் தடவை என்றால் ஒரு வாரம் கழித்துக் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், எழும்பினால்தான் சான்று. அம்மை வந்து பிழைத்த உடம்பில் கொப்புளம் எங்கே எழும்பும்?

டாக்டர் சொன்னார்: "சின்ன வயசுல ஊர்ல குத்தியிருப்பாங்க. பழைய ரிஜிஸ்டர்ல பேர் இருந்தா ஒரு நகல் வாங்கிட்டு வாங்க. மறு தடவைன்னு போட்டுடலாம்."

21-11-1974, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் பெரம்பலூர் போனேன். சுகாதார ஆபீஸ் கிளார்க் ராசாங்கம் நல்ல மனிதர். தூசியில் தும்மிக்கொண்டே இரண்டு மணி நேரம் தேடி 1957-ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுத்துவிட்டார்.

எங்கள் ஊர். கீழே "சேரி" என்று சிவப்பு மையில்.

பாவாடை மகள் குஞ்சம்மாள், வயது 8. குத்தப்பட்டது.
பாவாடை மகன் அய்யம்பெருமாள், வயது 4. மேற்படி.

அதற்குக் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. நாற்பத்தோரு பெயர்கள். ஒரே மை, ஒரே கை, ஒரே மூச்சில் எழுதியது போல.

"ஒங்க நல்ல நேரம்மா, எலி கடிக்காம இருக்கு. நகல் நாளைக்கே தரேன்" என்றார். பதிவேட்டை மூடி அவரிடம் கொடுத்தேன். அந்த வருஷம் முடிந்து பங்குனியில் எங்கள் தெருவில் அம்மை கண்டு ஒன்பது பேர் போனார்கள். என் தம்பி அய்யம்பெருமாள் மூன்றாவது.

22-11-1974, வெள்ளி. வீட்டில்

பூலாம்பாடியில் பஸ்ஸை விட்டிறங்கி ஊருக்கு நடந்தேன். அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் இருப்பதைச் சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்க குத்துனான்? அம்மை குத்துறவன் வந்தான், வரலேன்னு சொல்லல. மேலத்தெருக் கெணத்துகிட்டயே நின்னுட்டான். நம்ம தெருவுக்குள்ள காலை வெக்க மாட்டானாம். யார் யாரு இருக்கீங்கன்னு சத்தம் போட்டுக் கேட்டான். நாந்தான்டி முன்னால போயி பேரைச் சொன்னேன். ஒம் பேரு, தம்பி பேரு, பக்கத்து வூட்டுப் புள்ளைவ பேரு. எழுதிகிட்டு சைக்கிள்ல ஏறிட்டான். பேரை எழுதிகிட்டாலே நோவு வராதுன்னு நெனச்சேன்."

பதினேழு வருஷம் இதை என்னிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நகலை வாங்கிக்க. அவன் எழுதுன பொய்யி ஒனக்காச்சும் ஒதவட்டும். நீ போவணும்."

24-11-1974, ஞாயிறு

வாங்கினால் என்ன? யாருக்கு நஷ்டம்? என் உடம்பிலிருந்து ஒருவருக்கும் நோய் போகாது. அது உறுதி. அப்படியானால் ஏன் தயங்குகிறேன்?

அந்த நகலை நீட்டினால் அதை மெய் என்று நானும் சொன்னதாகிவிடும். குத்தியும் தம்பி செத்தான் என்றாகிவிடும். இல்லை. அவனுக்குக் குத்தவில்லை. எவனும் கிட்டேகூட வரவில்லை!

25-11-1974, திங்கள்

டாக்டரிடம் "முதல் தடவை" என்றேன்.

"பிளேன் போயிடும் சிஸ்டர்."

"தெரியும் சார்."

குத்தினார்.

2-12-1974, திங்கள்

ஒன்றும் எழும்பவில்லை. பலனில்லை என்று எழுதினார். இன்னொரு கையில் மறுபடி குத்தினார். அதைப் பார்க்கும் நாள் ஒன்பதாம் தேதி.

5-12-1974, வியாழன்

ஹபீபுல்லா பாய் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை மாத்திப் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி பொழப்பை விடுறீங்களே தங்கச்சி?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுக்காமல் முடியாது என்றார். "அடுத்த குழுவுல பாக்குறேன். அல்லா நாடினா நடக்கும்."

8-12-1974, ஞாயிறு

பிளேன் போயிருக்கும். வார்டில் இன்று பதினோரு டிரஸ்ஸிங்.

9-12-1974, திங்கள்

இந்தக் கையிலும் இல்லை.

29-12-1974, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அம்மா சோறு போட்டாள். கிளம்பும்போது, "செத்தவனுக்காவ இருக்கறவ வாழ்க்கைய அழிச்சுக்குவாளா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நான் செய்தது சரிதானா? அந்த ஐந்து பேரும் இந்நேரம் அங்கே வேலையில் சேர்ந்திருப்பார்கள். தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை.

20-1-1975, திங்கள். திருச்சி

டாக்டர் நடராசன், பதிவேட்டு விஷயத்தையும் என்னிடம் கேட்டுச் சேர்த்துக் கடிதம் எழுதிக் கொடுத்து, மாவட்டச் சுகாதார அதிகாரியைப் பார்க்கச் சொன்னார். நேற்று ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சும்மா சொல்லி வைத்தேன். விடிவதற்குள் புதுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். ஏன் வருகிறாய் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி வயதானவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். அலமாரியிலிருந்து சர்வதேச விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் தேடினார். முன்பே பெரியம்மை வந்து பிழைத்ததற்குப் போதிய அடையாளம் உள்ளவரிடம் சான்று கேட்க வேண்டியதில்லை. ஒரே வரி. இத்தனை நாளாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"இருக்கு. யாரும் இவ்வளவு தூரம் படிக்கறதில்லை. அதை மேற்கோள் காட்டி நானே கடிதம் தரேன்" என்றார். பிறகு, "ஆனா பதிவேட்டுல குத்தினதா இருக்காமே?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"குத்தலீங்க. நாந்தாங்க பேரைச் சொன்னவ. எம் புள்ளை பேரையும் நாந்தாங்க சொன்னேன். அவன் தொட்டுக்கூடப் பாக்கலீங்க."

அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அதிகாரி அம்மாவை உட்காரச் சொன்னார். அவள் சொன்னதைச் சொன்னபடியே வாக்குமூலமாக எழுதச் சொல்லி, கீழே கைநாட்டு வாங்கினார். பெரம்பலூர்ப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தோடு இதைச் சேர்த்து வைக்க உத்தரவு போடுவதாகச் சொன்னார். வேறென்ன செய்துவிட முடியும்? குத்தாமலே எழுதிக்கொண்டு போனவன் செத்து ஐந்து வருஷமாகிறதாம்.

திரும்பும்போது பாடாலூர் தாண்டியதும் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

27-4-1975, ஞாயிறு. பம்பாய்

பாய் அடுத்த குழுவில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். விமான நிலையத்தில் சுகாதார மேஜைக்காரர் திருச்சி அதிகாரியின் கடிதத்தைப் படித்தார். "விளக்குக்கிட்ட வாங்க" என்று இங்கிலீஷில் சொன்னார். போனேன். முகத்தைக் குனியாமல் நின்றேன். அவர் கன்னத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

15-8-1975, வெள்ளி. குவைத்

மத்தியான டூட்டி முடிந்து ஹாஸ்டலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். டில்லிச் செய்தியில், இந்தியாவில் இனிப் பெரியம்மை இல்லை என்று சொன்னார்கள். ஒருவருக்குக்கூட இல்லையாம். கோட்டயத்துச் சிஸ்டர் கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.