மரத்தூள் போட்ட கியர் பாக்ஸ்

ஐப்பசி 12, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கருகின ஆயில் நாற்றம்.

எங்கள் இழுவை லாரிக்கு நல்ல கியர் பாக்ஸ் மாற்றியதாகச் சொல்லி, முதலாளி போன வாரம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். இன்று மணிமுத்தாறு மேட்டில் பழுதான லாரி ஒன்றை நான் இழுக்கும்போது கியர் தானாகக் கழன்றது. இரண்டு வண்டியும் பின்னால் உருண்டன. அந்த லாரியில் ஸ்டியரிங் பிடித்திருந்த எங்கள் பட்டறை இசக்கி, ஓரப் பாறையில் மோதி நிறுத்தினான். உதடு கிழிந்துவிட்டது.

அதை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்து கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கினேன். கூழாக விழுந்தது. முழுக்க மரத்தூள். தேய்ந்த பல்லின் சத்தத்தை அமுக்கப் போட்டது. அதே பழைய பெட்டி, மேலே வெள்ளிப் பெயிண்ட்.

“என்ன அண்ணாச்சி இது?” என்று முதலாளியிடம் கேட்டேன்.

“சத்தம் வருதாலே? வரலைலா? பள்ளிக்கூடம் தாண்டாத பய எனக்குப் பாடம் நடத்துதான்! புது ஆயில ஊத்து. நாளைக்கு அந்த லாரிய இழுத்தாவணும்.”

இசக்கி வாயைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: “நாளைக்கும் நாந்தானாலே பின்னால?”

ஆயில் இறக்கும் போல்ட் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது; அது இல்லாமல் பெட்டியில் ஆயில் நிற்காது. காலையில் முதலாளி டவுணுக்குப் போய் வேறு வாங்கிவருவார். வாங்கட்டும். பின்னால் வரும் லாரியில் அவரையே உட்காரச் சொல்வேன்.