கடைசிப் பெயரை விழுங்கிய லூப்

ஜூலை 7, திங்கள்

ஜீவானந்தம் சாரோடு இன்று சண்டை. இந்த ஆலங்காயம் ஆபீசில் கண் முகாமுக்குப் பெயர்களை டைப் அடிப்பது நான். அதைப் படித்து டோக்கன் அச்சடிக்கும் பிஎச்பி புரோகிராம் அவர் எழுதியது. நேற்று முகாமில் எங்கள் ஊர் அம்மாக்கண்ணு அக்காவுக்கு டோக்கன் வரவில்லை. அவருக்கு முந்தின ரங்கனுக்கு இரண்டு! மலைமேல் காவலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சார் சொன்னது: "மலையில இருந்து வந்தா இப்பிடித்தான். என் தப்புதான்னு எழுதிக் குடு. இல்லன்னா வெள்ளிக்கெழமையோட நின்னுக்க."

எழுதித் தரமாட்டேன். என் ஃபைலில் அம்மாக்கண்ணு இருக்கிறார். கடைசி வரி. பத்து தடவை பார்த்துவிட்டேன்.

ஜூலை 8

புரோகிராமைத் திறந்தேன். மொத்த ஃபைலையும் file() போட்டு ஒரே மூச்சில் இழுக்கிறார். பெரிய ஃபைல் என்றால் திணறும். fgets() போட்டு வரிவரியாகப் படித்திருக்கலாம். போகட்டும், பெயர் காணாமல் போவது அதனால் இல்லை. பின்னே எங்கேதான் போகுது?

ஜூலை 9

பழைய டோக்கன் பட்டியல் எல்லாம் எடுத்தேன். ஊருக்கு ஒரு ஃபைல். எல்லா ஊரிலும் கடைசி ஆள் இல்லை, முந்தினவர் இரண்டு முறை. சொல்லி வைத்தாற்போல் கடைசி வரியில் மட்டும் தப்பு பண்ற கை யாருக்குய்யா இருக்கு?

ஜூலை 10

பிடிச்சிட்டேன்! பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் முதல் லூப் foreach-இல், பெயரைத் தாங்கும் $p-க்கு முன்னால் ஒரு &. பெயரைச் சுத்தம் செய்து அதே இடத்தில் வைப்பதற்காகப் போட்டது. லூப் முடிந்தும் $p கடைசிப் பெயரின் இடத்தை விடுவதில்லை. அடுத்த லூப்பிலும் அதே $p! வருகிற பெயரெல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கடைசி இடத்தில் உட்காருகிறது. கடைசிக்கு முந்தினது உட்கார்ந்தபின் எழுப்ப ஆளில்லை.

இரண்டு லூப்புக்கும் நடுவில் $p-ஐ விடுவிக்க unset($p); – ஒரே வரி. ஓட்டினேன். அம்மாக்கண்ணு வந்துவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

முதலாளி ஷோபனா மேடம் முன்னால் மூன்றே பெயர் வைத்து ஓட்டிக் காட்டினேன். ஜீவானந்தம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் சொன்னார்: "சரி ரேணு, நீ ஒண்ணும் எழுதித் தர வேணாம். கமுக்கமா சரி பண்ணிடு, வெளிய தெரிய வேணாம்."

"விட்டுப்போனவங்களுக்கு யாருங்க மேடம் சொல்றது? நான் சொல்லுவேன். வேணாம்னா என்னை நிறுத்திடுங்க."

  மேடம் ஆபீஸ் போனை என் பக்கம் தள்ளினார்.

ஜூலை 14

முப்பத்தேழு பேர். அடுத்த முகாமுக்கு வரச் சொல்லிக் காலையிலிருந்து போன். பத்தொன்பதாவது, அடிவாரத்துச் சம்பூர்ணம் அம்மா.

"தப்பு எங்களுதுங்க. உங்க பேரு லிஸ்ட்ல இருந்துச்சு."

"இருந்துச்சா? நான்தான் பேர சரியா சொல்லலன்னு வூட்ல இன்னும் திட்றாங்கம்மா. கொஞ்சம் இரு, எங்க வூட்டுக்காரராண்ட குடுக்கறேன். அவருகிட்டயும் சொல்லு."

சொன்னேன். ஆபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.